மருளும் எலியும் தைராய்டு சுரப்பியும்: வாசகர் கேள்வி – பதில்

தைராய்டு சுரப்பியைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையில், அஞ்சும் இயல்புக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட எலிகளின் தைராய்டு, அஞ்சாத எலிகளின் தைராய்டிலிருந்து வேறுபட்டிருந்தது என்று ஒரே ஒரு வரி இடம்பெற்றிருந்தது. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் மிகுதியான மடல்கள் வந்தன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறோம்.

கேள்வி: நான் விலங்கியல் முதுகலை பயிலும் மாணவி. எலியின் உணர்ச்சியை எப்படி அளந்தார்கள்? அளந்ததை எப்படி ஒரு மரபுப் பண்பாக மாற்றி வளர்த்தார்கள்?

இந்தக் கதையின் தொடக்கம் 1934-ஆம் ஆண்டில் இருக்கிறது. கால்வின் ஹால் என்ற அமெரிக்க உளவியலாளர், கூண்டில் வளர்ந்த எலியைத் திடீரென ஒளி மிகுந்த, ஒளிந்துகொள்ள மூலை இல்லாத ஒரு வட்டக் களத்தில் இறக்கிவிட்டு, அது என்ன செய்கிறது என்று பார்த்தார். சில எலிகள் சுற்றித் திரிந்து மோப்பம் பிடித்தன; சில எலிகள் ஓரிடத்தில் உறைந்து நின்று புழுக்கை இட்டன, சிறுநீர் கழித்தன. இந்த இரண்டாவது வகை எலிகளைத்தான் ஹால் உணர்ச்சிவயப்படுபவை என்று கருதினார். உளவியலில் இன்றும் 'திறந்தவெளிச் சோதனை' என்று வழங்குவது இதுவே. பின்னர் ஹால், புழுக்கை மிகுதியாக இட்டவற்றைத் தம்முள்ளும், இடாதவற்றைத் தம்முள்ளும் இணைசேர்த்து இரண்டு கால்வழிகளை உருவாக்கினார்.

அதைத் தூய முறையில் மீண்டும் செய்தவர் பீட்டர் பிராட்ஹர்ஸ்ட். லண்டனில் மாட்ஸ்லி மருத்துவமனையோடு இணைந்த உளமருத்துவ நிறுவனத்தில், 1954-ஆம் ஆண்டு முதல், விஸ்டார் என்ற ஆய்வக வகை எலிகளிலிருந்து அவர் இந்த வேலையைத் தொடங்கினார். வட்டக் களத்தின் விட்டம் ஏறக்குறைய 80 செ.மீ.; மேலிருந்து பளிச்சென்ற வெளிச்சமும் ஓயாத இரைச்சலும் பாய்ச்சப்படும். ஒவ்வோர் எலியும் நாளொன்றுக்கு இரண்டு நிமிடமாக, தொடர்ந்து நான்கு நாள் அதற்குள் விடப்படும். அந்தந்த நாளில் களத்தில் விழுந்த புழுக்கைகளை எண்ணுவதே மதிப்பெண். மிகுதியாக இட்ட ஆணையும் பெண்ணையும் இணைசேர்த்துக்கொண்டே போனதால் 'மாட்ஸ்லி எதிர்வினைக் கால்வழி' உருவாயிற்று. இடாதவற்றை இணைசேர்த்ததால் 'மாட்ஸ்லி எதிர்வினையற்ற கால்வழி' உருவாயிற்று. சில தலைமுறைகளுக்குள்ளேயே இரண்டும் தெளிவாகப் பிரிந்துவிட்டன. பிந்தைய கால்வழியில் பல எலிகள் நான்கு நாளும் களத்தைத் தூய்மையாகவே விட்டுச் சென்றன.

குட்டிகள் தாயிடமிருந்து அச்சத்தைக் கற்றுக்கொண்டிருக்கலாமே என்ற ஐயம் உங்களுக்கு எழுவது இயல்பு. ஒரு கால்வழியின் குட்டிகளைப் பிறந்தவுடன் மற்றக் கால்வழித் தாயிடம் மாற்றி வளர்த்தும் பிராட்ஹர்ஸ்ட் சோதித்தார். பிறப்பில் வந்த இயல்பு, வளர்ப்பால் பெரிதாக மாறவில்லை.

கேள்வி: புழுக்கையை எண்ணி அச்சத்தை அளப்பதா? இதை அறிவியல் என்று எழுதுவதற்கு உங்களுக்குக் கூச்சமாக இல்லையா?

சற்றும் இல்லை; ஆனாலும் உங்கள் கேள்விக்குள் ஒரு நியாயம் இருக்கிறது, அதைத் தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும். அச்சத்தில் வயிறு கலங்குவது நம் மொழியில் வெறும் உவமை அன்று. பாலூட்டிகளின் குடலைத் தானியங்கு நரம்பு மண்டலம் ஆள்கிறது. அச்சம் அந்த நரம்புகளின் வழியே பெருங்குடலை அசைக்கிறது. அது மட்டுமன்று, களத்தில் மிகுதியாகப் புழுக்கை இட்ட எலிகளே, பசியோடு இருந்தும் அங்கு வைத்த உணவைத் தொடத் தயங்கின என்பதையும், நாளாக ஆகக் களம் பழகியதும் புழுக்கை குறைந்தது என்பதையும் ஹால் காட்டினார். பேச முடியாத உயிரிடம் வேறெந்த அளவுகோலை நீட்டினாலும் இதே வகைச் சான்றைத்தான் நாம் கேட்டிருப்போம்.

நியாயம் எங்கே இருக்கிறது என்றால், ஒரே அளவை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுத்தால், தேர்வு அச்சத்தைப் பிடிக்கிறதா, குடலைப் பிடிக்கிறதா என்பது தெரியாமல் போய்விடும். எளிதில் கலங்கும் மூளையுள்ள எலியும், சாதாரண மூளையோடு எளிதில் அசையும் பெருங்குடலைப் பெற்ற எலியும் பதிவேட்டில் ஒரே எண்ணைத்தான் பெறும். 1973-இல் ஜான் ஆர்ச்சர் இத்தகைய சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, அச்சத்தின் அடையாளங்கள் என்று சொல்லப்படும் பல அளவுகள் தம்முள் சீராக ஒத்துப்போவதில்லை என்று சுட்டிக்காட்டினார். மாட்ஸ்லி எலிகளைப் பல ஆண்டு ஆராய்ந்த டேவிட் பிளிசார்ட், இரு கால்வழிகளுக்கும் இடையே பரிவு நரம்புகளின் (தானியங்கு நரம்பு மண்டலத்தின் ஒரு பிரிவு) செயல்பாட்டில் உள்ள வேறுபாட்டைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அந்த நரம்புகள் குடலின் அசைவைத் தணிப்பவை என்பதை நினைவில் வைத்தால், உங்கள் ஐயத்தின் எடை புரியும்.

நீங்கள் கேலிக்காகத் தொட்ட இந்த இடம், தைராய்டு கேள்விக்கு நேராக வந்து சேர்கிறது. தைராய்டு ஹார்மோன் மிகுந்தால் குடல் விரைந்து அசையும். குறைந்தால் மலச்சிக்கல் உண்டாகும். அப்படியானால், மிகுதியாகப் புழுக்கை இடும் எலியில் தைராய்டு மிகுதியாகச் சுரக்கிறது என்று தெரியவந்திருந்தால், அச்சத்தைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லாமல், 'குடல் வேகமாக ஓடுகிறது, அவ்வளவுதான்' என்று ஆய்வையே முடித்திருக்கலாம். கிடைத்த முடிவு அதற்கு நேர்மாறாக இருந்தது என்பதை அடுத்த விடையில் காண்க.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அச்சத்தை ஆராய வந்தவர்கள் ஏன் தைராய்டைத் தேடிப் போனார்கள்? உண்மையில் என்ன கண்டார்கள்?

தைராய்டுக்கும் மனக்கலக்கத்துக்கும் உள்ள தொடர்பு இந்த எலி ஆய்வுகளுக்கு முன்பே மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது. கேலப் பாரி என்ற ஆங்கில மருத்துவரின் குறிப்புகள் அவர் மறைந்த பிறகு 1825-இல் வெளியாயின. அவற்றுள் ஒன்று, சக்கர நாற்காலி சரிவில் வேகமாக இறங்கியதில் தூக்கி எறியப்பட்ட 21 வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றியது. அவளுக்குக் காயம் பெரிதாக இல்லை. ஆனால் கடுமையாக அஞ்சிவிட்டாள். அன்றிலிருந்து நெஞ்சு படபடக்கத் தொடங்கிற்று. சில நாள்களில் கழுத்தின் முன்புறம் வீங்கிற்று. 1835-இல் கிரேவ்ஸ், 1840-இல் பேசடோ ஆகிய மருத்துவர்கள் விவரித்த மிகை தைராய்டு நோயும் இதுவே. மிகை தைராய்டு நோயாளிக்குப் படபடப்பு, நடுக்கம், உறக்கமின்மை ஆகியவை தோன்றுவதும், குறை தைராய்டு நோயாளி மந்தமடைந்து சோர்வதும், அரிதாகச் சித்தம் கலங்குவதும் மருத்துவப் பாடநூல்களில் நிலைபெற்ற செய்திகள். சித்தம் கலங்கிய குறை தைராய்டு நோயாளிகள் 14 பேரைப் பற்றி ரிச்சர்டு ஆஷர் 1949-இல் எழுதிய கட்டுரை இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆகவே, அச்சத்தால் வேறுபட்ட இரண்டு எலிக் கால்வழிகள் கைக்குக் கிடைத்ததும் அவற்றின் கழுத்தைத் திறந்து பார்க்கத் தோன்றியதில் வியப்பில்லை.

முதலில் செய்தது எடை போட்டதுதான். 1941-இல் ஈக்கலும் ரோட்ஸும், ஹாலின் இரு கால்வழி எலிகளின் உடல் எடையையும், அட்ரீனல், தைராய்டு, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி ஆகிய சுரப்பிகளின் எடையையும் ஒப்பிட்டு வெளியிட்டார்கள். எடை போடுவது எளிது. ஆனால் தைராய்டைப் பொறுத்தவரை எடையைப் போல ஏமாற்றும் அளவு வேறில்லை. அயோடின் போதாமல் ஹார்மோன் குறைந்தால், பிட்யூட்டரி தன் தூண்டு ஹார்மோனான டி.எஸ்.எச்.-ஐக் கூட்டி அனுப்பும். அந்தத் தூண்டலால் தைராய்டு பருத்துக் கழலையாகும். அதாவது, பெருத்த சுரப்பி பெருஞ்சுரப்பைக் காட்டலாம். சுரப்பு போதாமல் திணறுவதையும் காட்டலாம். எடையை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றைப் பிரித்தறிய முடியாது.

அதனால்தான் 1962-இல் ஃபோயரும் பிராட்ஹர்ஸ்டும் மாட்ஸ்லி எலிகளில் செய்த ஆய்வு முக்கியமாகிறது. மூன்று பகுதிகளாக வெளிவந்த அந்த ஆய்வின் முதல் பகுதி ஹார்மோன்களின் வேறுபாட்டையும், இரண்டாம் பகுதி சுரப்பியின் செயல்பாட்டையும், மூன்றாம் பகுதி தைராய்டின் மீது செயல்படும் மருந்துகளைக் கொடுத்தபின் நடத்தையிலும் உடலிலும் நிகழ்ந்த மாற்றங்களையும் எடுத்துக்கொண்டன. எளிதில் மருளும் எதிர்வினைக் கால்வழியில் தைராய்டின் செயல்பாடு, மருளாத கால்வழியோடு ஒப்பிட, குறைந்திருந்தது என்பதே அதிலிருந்து ஆய்வு நூல்களில் நிலைத்த செய்தி.

'ஒப்பிட' என்ற சொல்லின் மேல் விரல் வைத்துப் படியுங்கள். எதிர்வினை எலிகள் நோயுற்றவை அல்ல. அவை குட்டி போட்டன, வளர்ந்தன, ஓடின. இரண்டு நலமான கூட்டங்களுக்கு இடையிலான அளவு வேறுபாடு அது. மேலும், அந்த ஆண்டுகளில் எலியின் குருதியிலுள்ள நுண்ணளவு டி.எஸ்.எச்.-ஐ நேரடியாக அளக்கும் கதிரியக்க எதிர்ப்பொருள் முறை கைக்கு வந்திருக்கவில்லை. அக்காலத்து ஆய்வாளர்கள் புரதத்தோடு இணைந்த அயோடினை அளப்பார்கள். அல்லது எட்டு நாள் அரைவாழ்வு கொண்ட கதிரியக்க அயோடின்-131-ஐச் செலுத்தி, சுரப்பி அதை எவ்வளவு விரைவாக ஈர்த்து எவ்வளவு விரைவாக வெளியிடுகிறது என்று கணக்கிடுவார்கள். இன்று ஒரு துளிக் குருதியில் கிடைக்கும் விடைக்கு அன்று நாள்கணக்கில் உழைப்பு தேவைப்பட்டது.

கேள்வி: அப்படியானால் தைராய்டு குறைவதால்தான் எலி அஞ்சுகிறது என்று முடிவு கட்டலாமா? கட்டுரையாளர் ஏன் அதைத் தெளிவாகச் சொல்லாமல் நழுவினார்?

நழுவவில்லை, சொல்லக்கூடாததைச் சொல்லாமல் விட்டார். பலர் தடுக்கி விழும் இடமாதலால் இதற்கு நீண்ட விடை வேண்டும்.

தேர்ந்து வளர்க்கப்பட்ட இரண்டு கால்வழிகளை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வு நடந்தது புழுக்கை எண்ணிக்கைக்காக. ஆனால் அந்த எலிகளின் உடலில் இருப்பது புழுக்கைக்கான மரபணுக்கள் மட்டும் அன்று. மயிர், எலும்பு, சிறுநீரகம், தைராய்டு என்று எல்லாவற்றுக்குமான மரபணுக்களும் அதே உடலில் பயணம் செய்கின்றன. ஒவ்வொரு தலைமுறையிலும் சில எலிகள் மட்டுமே பெற்றோராகத் தேர்ந்தெடுக்கப்படும்போது, அவற்றிடம் தற்செயலாக இருந்த எந்தத் தைராய்டு மரபணுவும் அந்தக் கால்வழி முழுவதற்கும் உரியதாகிவிடலாம். உடன்பிறந்த எலிகளையே இணைசேர்த்து வளர்க்கும்போது இது இன்னும் விரைவாக நடக்கும். அவ்வாறு 20 தலைமுறை வளர்த்தால், தொடக்கத்தில் இருந்த மரபு வேறுபாட்டில் 98 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்துவிடும் என்பது மரபியல் கணக்கு. எஞ்சிய மரபணு எது என்பதில் தேர்வின் கை ஓரளவு, குருட்டு வாய்ப்பின் கை மிகுதி. ஆகவே, ஒரு கால்வழியில் தைராய்டு குறைந்தும் மற்றதில் மிகுந்தும் இருப்பது, அச்சத்தோடு சிறிதும் தொடர்பில்லாத ஒரு விபத்தாகவே இருக்கலாம்.

இங்கே எண்ணிக்கை நம் கண்ணை மறைக்கும். ஆய்வாளர் ஒவ்வொரு கால்வழியிலும் 50 எலிகளை அளந்து, வேறுபாடு தற்செயலானது அன்று என்று புள்ளியியல் வழியே காட்டலாம். அது காட்டுவது, இவ்விரு கால்வழிகளும் தைராய்டில் வேறுபடுகின்றன என்பதை மட்டுமே. அந்த வேறுபாடு அச்சத்தால் வந்தது என்பதை அன்று. மரபுத் தொடர்பைப் பற்றிய கேள்விக்கு அந்த 100 எலிகளும் சேர்ந்து இரண்டே சான்றுகள்: ஒரு மருளும் கால்வழி, ஒரு மருளாத கால்வழி. ஓர் ஊரில் நெட்டையான ஒருவருக்கு நன்றாகப் பாடத் தெரியும், குட்டையான ஒருவருக்குத் தெரியாது என்பதைக் கண்டு, உயரத்துக்கும் குரலுக்கும் உறவு கற்பிப்பது எவ்வளவு நியாயமோ அவ்வளவு நியாயமே இதிலும் உண்டு.

இதிலிருந்து வெளியேற வழிகள் உண்டு, அவை எல்லாமே உழைப்பைக் கேட்பவை. முதலாவது வழி, இரு கால்வழிகளையும் கலப்பது. மருளும் எலியையும் மருளாத எலியையும் இணைசேர்த்தால் முதல் தலைமுறைக் குட்டிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மரபுக் கலவையைப் பெறும். அவற்றைத் தம்முள் இணைசேர்த்தால், இரண்டாம் தலைமுறையில் மரபணுக்கள் சீட்டுக் கட்டைக் கலைத்ததுபோல் சிதறும். அச்சமும் தைராய்டும் தற்செயலாகவே ஒரே கால்வழியில் வந்து தங்கியிருந்தால், இந்தச் சிதறலில் அவை பிரிந்துவிடும்: அஞ்சும் எலிகளில் சிலவற்றுக்குத் தைராய்டு மிகுந்தும், சிலவற்றுக்குக் குறைந்தும் இருக்கும். இரண்டும் பிரியாமல் ஒன்றாகவே வந்தால், ஒரே மரபணு இரண்டையும் ஆள்கிறது என்றோ, இரு மரபணுக்கள் ஒரே குரோமோசோமில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன என்றோ கொள்ளலாம். இந்தப் பிந்திய ஐயத்தையும் தீர்க்க, கலப்பை இன்னும் சில தலைமுறைக்கு நீட்டிக்க வேண்டும்.

இரண்டாவது வழி, ஒரே அடிப்படைக் கூட்டத்திலிருந்து மருளும் கால்வழிகள் இரண்டையும், மருளாத கால்வழிகள் இரண்டையும், எதற்காகவும் தேர்வு செய்யாத ஒப்பீட்டுக் கால்வழிகள் இரண்டையும் தனித்தனியே வளர்ப்பது. குருட்டு வாய்ப்பு ஒருமுறை ஏமாற்றலாம்; தனித்தனியே வளர்ந்த எல்லாக் கால்வழிகளிலும் ஒரே திசையில் ஏமாற்றுவது அரிது. மாட்ஸ்லி எலிகளில் இப்படி இணைக் கால்வழிகள் வளர்க்கப்படவில்லை என்பது அந்த நல்ல ஆய்வின் மீது என்றும் நிற்கும் குறை. இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை; ஆனால் 1954-இல் எலிக்கூண்டுகளுக்கும் ஆட்களுக்கும் ஆகும் செலவை எண்ணினால், குறை சொல்லும் குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொள்ளவும் தோன்றுகிறது.

மூன்றாவது வழி, தைராய்டை நாமே மாற்றிப் பார்ப்பது. ஃபோயரும் பிராட்ஹர்ஸ்டும் தம் மூன்றாம் பகுதியில் எடுத்த பாதை இதுதான். தயோயூரசில் குடும்பத்து மருந்துகள் சுரப்பிக்குள் ஹார்மோன் உருவாவதைத் தடுக்கும். தைராய்டு ஹார்மோனான தைராக்சினை ஊசியாகச் செலுத்தினால் குறையை நிரப்பலாம். மருளாத எலியின் தைராய்டைத் தாழ்த்தினால் அது மருள வேண்டும், மருளும் எலிக்குத் தைராக்சின் கொடுத்தால் அது தெளிய வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. இதிலும் ஒரு பொறி உண்டு. மருந்து உடல் முழுவதையும் மாற்றுகிறது: எலி குளிரில் நடுங்கலாம், குறைவாக உண்ணலாம், குறைவாக நடமாடலாம், அதன் குடலும் மந்தமாகலாம். களத்தில் விழும் புழுக்கையின் எண்ணிக்கை மாறினால், மாறியது அச்சமா, உண்ட உணவின் அளவா என்று மீண்டும் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவோம். ஆகவே, உணவு உட்கொண்ட அளவையும், சொந்தக் கூண்டுக்குள் இட்ட புழுக்கையையும் சேர்த்து அளக்காத எந்த ஆய்வையும் நான் முழுதாக நம்புவதில்லை.

நான்காவதாக ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பொருள்பொதிந்ததாகத் தோன்றுவதும் அதுவே: காலம். வளர்ந்த எலியின் தைராய்டை மாற்றுவது வேறு, பிறந்த குட்டியின் தைராய்டை மாற்றுவது வேறு. எலிக்குட்டி கண் திறக்காமல், மூளை பாதி முடிந்த நிலையில் பிறக்கிறது; மனிதக் குழந்தையின் மூளை கருப்பையின் இறுதி மாதங்களில் கடக்கும் வளர்ச்சியை எலியின் மூளை பிறப்புக்குப் பிந்திய முதல் மூன்று வாரங்களில் கடக்கிறது. அந்த நாள்களில் தைராய்டு ஹார்மோன் இல்லாவிட்டால், பெருமூளைப் புறணியின் நரம்புச் செல்கள் தம் கிளைகளைக் குறைவாகவே விரிக்கின்றன என்பதை 1950-களிலேயே ஈர்ஸ் என்ற ஆய்வாளர் காட்டினார். பின்னர் எவ்வளவு தைராக்சின் கொடுத்தாலும் அந்த இழப்பு முழுதாக ஈடாவதில்லை. எனவே, இரு கால்வழிகளின் அச்ச வேறுபாட்டுக்குத் தைராய்டு காரணமாகவே இருந்தாலும், அந்தக் காரணம் முதல் மூன்று வாரங்களில் செயல்பட்டு முடிந்திருக்கலாம். வளர்ந்த எலியின் குருதியில் நாம் அளப்பது, நடந்து முடிந்த ஒன்றின் நிழலாகவும் இருக்கலாம். வளர்ப்புத் தாயை மாற்றும் சோதனையும் இதை முழுதாகத் தொடுவதில்லை. ஏனெனில், தாயின் தைராக்சின் பிறப்புக்கு முன்பே நஞ்சுக்கொடி வழியே கருவை எட்டிவிடுகிறது.

கேள்வி: காரணம் தலைகீழாகவும் இருக்கலாமே? எப்போதும் அஞ்சிக்கொண்டிருப்பதால் தைராய்டு தாழ்ந்திருக்கலாம் அல்லவா?

இருக்கலாம், உடலியல் அதற்கு இடம் தருகிறது. எலியைக் குளிரில் வைத்தால் பிட்யூட்டரியை ஆளும் மூளைப் பகுதியான ஹைபோதலாமஸ் தூண்டப்பட்டு, டி.எஸ்.எச். ஏறும், உடலைச் சூடாக்கவே அந்த ஏற்பாடு. ஆனால் எலியைக் கட்டிவைப்பது போன்ற, தப்பிக்க முடியாத நெருக்கடிகளில் டி.எஸ்.எச். தாழ்வதே வழக்கம். நெருக்கடியில் அட்ரீனல் சுரப்பி வெளியிடும் கார்ட்டிகோஸ்டிரோன், டி.எஸ்.எச்.-ஐயும் அடக்கும், தைராக்சின் அதைவிட வீரியமான டி3 ஹார்மோனாக மாறுவதையும் குறைக்கும். எலியைக் கையில் பிடித்துக் குருதி எடுப்பதே ஒரு நெருக்கடிதான் என்பதை இங்கே சேர்த்து எண்ண வேண்டும். மருளும் எலி அந்தப் பிடிக்கே மிகுதியாக மருளும். ஆகவே, அமைதியான நிலையில் இரு கால்வழிகளும் ஒன்றாகவே இருந்தாலும், நாம் பிடித்த அந்தச் சில நிமிடங்களால் அளவு வேறுபட்டுத் தெரியலாம். இதைத் தவிர்க்க, எலியைப் பல நாள் கைக்குப் பழக்குவது, விரைவாகக் குருதி எடுப்பது, நாளின் ஒரே நேரத்தில் எடுப்பது, அறையின் வெப்பநிலையை மாறாமல் வைத்திருப்பது ஆகியவை கட்டாயம்.

கேள்வி: எலியில் கண்டதை மனிதருக்கு எந்த அளவுக்குப் பொருத்தலாம்?

அடிப்படை அமைப்பு ஒன்றே: ஹைபோதலாமஸ், பிட்யூட்டரி, தைராய்டு, திரும்பி வந்து அடக்கும் பின்னூட்டம். வேகம் வேறு. மனிதக் குருதியில் தைராக்சினின் அரைவாழ்வு ஏறக்குறைய ஏழு நாள். எலியில் அது ஒரு நாளுக்கும் குறைவு. மனிதரில் தைராக்சினை இறுகப் பற்றிச் சேமித்து வைக்கும் குருதிப் புரதம், வளர்ந்த எலியில் மிகக் குறைவாக இருப்பது இதற்கு ஒரு காரணம். அதனால் எலியின் சுரப்பி, உடல் எடையோடு ஒப்பிட, பன்மடங்கு உழைக்கிறது. அதை அசைப்பதும் எளிது. எலியில் சிறு மருந்து விரைவாகத் தைராய்டைக் குலைத்தது என்பதால் மனிதரிலும் அவ்வாறே நடக்கும் என்று கொள்ளக்கூடாது.

கேள்வி: எனக்குச் சிறு வயது முதலே எதற்கும் பயம். டி.எஸ்.எச். அளவு 2.1 என்று வந்தது. மருத்துவர் இயல்பு என்கிறார். உங்கள் கட்டுரையைப் படித்த பின் தைராக்சின் மாத்திரை எடுத்துப் பார்க்கலாமா என்று தோன்றுகிறது.

வேண்டாம். வளர்ந்தோருக்கு டி.எஸ்.எச். ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இருப்பது இயல்பு. உங்கள் அளவு அதன் நடுவே இருக்கிறது. தேவையில்லாமல் தைராக்சின் எடுத்துக்கொண்டால் படபடப்பும் உறக்கமின்மையும் கூடும். அதாவது, எதைத் தணிக்க விரும்புகிறீர்களோ அதுவே வளரும். நெடுநாள் எடுத்தால் இதயத் துடிப்பு சீர்குலையவும் எலும்பு மெலியவும் வாய்ப்பு உண்டு. அச்சத்துக்கென்று தனியே நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன. அவற்றுக்காக அதே மருத்துவரிடம் மீண்டும் செல்லுங்கள். கட்டுரையில் ஒரு வரியைச் சுருக்கி எழுதியதால் உங்களுக்கு இந்த எண்ணம் எழுந்திருந்தால், அந்தப் பிழை எங்களுடையது.

கேள்வி: மாட்ஸ்லி எலிகளைத் தவிர இத்தகைய வேறு கால்வழிகள் உண்டா?

உண்டு. ரோமில் பின்யாமி 1965-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்கும் 'ரோமன்' கால்வழிகள், மின்னதிர்ச்சியைத் தவிர்க்க விரைவாகக் கற்பவை, கற்காதவை என்று தேர்ந்தெடுக்கப்பட்டன. ஜப்பானில் சுகுபா கால்வழிகள், ஒளி நிறைந்த ஓடுபாதையில் துணிந்து செல்வதை வைத்து வளர்க்கப்பட்டன. மியூனிக்கில், உயர்த்தப்பட்ட கூட்டல்குறி வடிவப் பாதையில் பக்கச் சுவரில்லாத கிளைகளுக்குச் செல்லும் துணிவை வைத்து இரு கால்வழிகள் வளர்க்கப்பட்டன. ஒவ்வொன்றும் அச்சத்தின் ஒவ்வொரு முகத்தைப் பிடிக்கிறது. வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு அளவுகோலால், வெவ்வேறு மூதாதை எலிகளிலிருந்து வந்த இந்தக் கால்வழிகள் எல்லாவற்றிலும் மருளும் பக்கத்தில் தைராய்டு ஒரே திசையில் சாய்ந்திருந்தால், மேலே நான் சொன்ன 'இரண்டே சான்றுகள்' என்ற குறை பெருமளவு நீங்கும். புதிதாக வளர்க்க 20 தலைமுறை காத்திருக்க வேண்டியதில்லை என்பதால், இதுவே செலவு குறைந்த வழியும்கூட.

கேள்வி (முதல் கேள்வியை எழுதிய மாணவியே அனுப்பியது): இதையொட்டி ஒரு சிறிய ஆய்வுத் திட்டம் செய்ய விரும்புகிறேன். எங்கள் துறையில் தேர்ந்து வளர்த்த கால்வழிகள் இல்லை. சாதாரண விஸ்டார் எலிகள் மட்டுமே இருக்கின்றன. பயன் உண்டா?

உண்டு, கேள்வியைச் சுருக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மரபைப் பற்றிக் கேட்காதீர்கள். அதற்கு உங்களிடம் காலம் இல்லை. தேர்வு செய்யப்படாத எலிக்கூட்டத்தில், திறந்தவெளிக் களத்தில் ஒவ்வோர் எலியும் பெறும் மதிப்பெண்ணும், அதன் டி.எஸ்.எச்., தைராக்சின் அளவுகளும் சேர்ந்து நகர்கின்றனவா என்று மட்டும் கேளுங்கள். கலப்பில்லாத கால்வழிகளில் நேர்வதற்கு மாறாக, இங்கே ஒவ்வோர் எலியும் மற்றதன் நகல் அன்று. ஆகவே, ஒவ்வோர் எலியும் உண்மையாகவே ஒரு தனிச் சான்றாக நிற்கும். ஆணையும் பெண்ணையும் தனியாகக் கணக்கிடுங்கள். ஒரே ஈற்றுக் குட்டிகளைப் பல சான்றுகளாக எண்ணிவிடாமல், எந்தத் தாயின் குட்டி என்பதையும் குறித்துவையுங்கள். களச் சோதனை முடிந்து ஒரு வாரமாவது கழித்துக் குருதி எடுங்கள். இல்லையேல் களத்தின் அச்சமே ஹார்மோன் அளவுக்குள் புகுந்துவிடும். புழுக்கையை எண்ணுபவருக்கு ஹார்மோன் அளவு தெரியக்கூடாது. ஹார்மோனை அளப்பவருக்குப் புழுக்கை எண்ணிக்கை தெரியக்கூடாது. களத்தில் மட்டுமின்றிச் சொந்தக் கூண்டிலும் புழுக்கையை எண்ண மறவாதீர்கள். எத்தனை எலிகள் தேவை என்பதைத் தொடங்குமுன் துறையிலுள்ள புள்ளியியலாளரோடு அமர்ந்து கணக்கிட்டு, அந்த எண்ணிக்கையோடு விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பியுங்கள்; தேவைக்குக் குறைவான எலிகளைக் கொண்டு முடிவு சொல்ல முடியாத ஆய்வைச் செய்தால், அந்த எலிகளும் வீணாகும் என்பதைக் குழு முதலில் கேட்கும்.